மூன்று தேசமும் ஒரு கயிற்றுக் கட்டிலும்

“ஏட்டி, நீ எந்த தேசத்துக்காரி? சொல்லு பாப்போம்.”

எப்போதோ அண்ணன் ஜெயசிங் கேட்ட கேள்வி. அந்தச் சனிக்கிழமை காலையில், அம்மையின் கால் விரல்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நேசபாய்க்கு அது ஞாபகம் வந்தது. கேட்ட அதே குரல், அதே உரத்தோடு, இப்போதும் முன்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அம்மை செத்து உடம்பின் சூடு இன்னும் முழுதாக ஆறவில்லை.

கேள்வி கேட்ட அன்று அவள் சாளை மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தாள். சற்று யோசித்துவிட்டு, “பூவன்விளை” என்று ஊர்ப் பெயரைச் சொன்னாள். முன்கூடத்தில் இருந்த மூன்று ஆண்களும் சிரித்தார்கள். அவர்கள் மூவரும் ஒன்றாகச் சிரித்து அவள் கண்டது அந்த ஒரு தடவைதான். பிறகு மூவரும் அவளுக்குச் சரியான விடையைச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றும் வேறு வேறு விடை.

அண்ணனுக்குப் பாரத தேசம். கதர் ஜிப்பா போட்டுக்கொண்டு, கொடி பிடித்ததற்காக நாகர்கோவிலில் சில நாள் அடைபட்டுக் கிடந்துவிட்டு வந்தவன். வந்ததிலிருந்து கஞ்சிக்கு உப்புக் கேட்பதைக்கூட மேடையில் நின்று கேட்பதுபோலத்தான் கேட்டான். சித்தப்பா ஜான்ரோஸுக்குத் திருவிதாங்கூர். தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. ஒரு ராஜா, ஒரு முத்திரை, ஒரு உத்தரவு, இவை இருந்தால்தான் நாடு, இல்லாவிட்டால் சந்தைக் கூட்டம் என்பது அவர் கட்சி. மகாராஜாவின் படத்தைத் தினமும் துடைப்பார்; துடைக்கும் துணியை நேசபாய்தான் துவைக்க வேண்டும். அப்பா யேசுரத்தினம் வாத்தியாருக்கோ தேசமே கிடையாது. எல்லைக்கோடு போட்டதெல்லாம் மனுஷன்தான், மானிடம் ஒன்று, பூமி ஒன்று என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ‘மானிட ஐக்கியம்’ என்ற சொல்லை வாயில் கருப்பட்டித் துண்டை ஒதுக்கிக்கொண்டு சொல்வதுபோல் நிதானமாகச் சொல்வார். ஆனால் அவருடைய சாய்வு நாற்காலியில் வேறு மானிடர் யாரும் உட்காரக் கூடாது.

அம்மைக்கு வயிற்றில் கட்டி வந்தபோது நேசபாய் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். பாரதத்தின் விடுதலை, மகாராஜாவின் மாட்சிமை, மானிடத்தின் ஐக்கியம் மூன்றும் அன்றிலிருந்து அவள் வடித்த சோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தன. தின்ற தட்டை எடுத்து வைக்க மூன்றுக்கும் கை வரவில்லை.

அம்மை கடைசியாகத் தெளிவாகப் பேசியது வியாழக்கிழமை. மிஷன் பங்களாவுக்கு லேஸ் பின்னிப் பின்னி, பார்வை மங்கிப் போன கண்ணைத் திறந்து, “சின்னவனுக்க பக்கத்துல போட்டிரணும் மக்கா. வெளிச்சம் உள்ளப்பவே போட்டிரணும். இருட்டுல போட்டிராதீங்க” என்றாள். சின்னவன் என்பது நேசபாய்க்கு இளையவன். காய்ச்சலில் நான்கு வயதில் போனவன். கல்லறைத் தோட்டத்தின் தென்மேற்கு மூலையில், தாழம்புதர் ஓரமாகக் கிடக்கிறான். கேட்டது அவ்வளவுதான். நேசபாய் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டியது அம்மைக்குத் தெரிந்திருக்காது என்று பிறகுதான் தோன்றியது. குனிந்து காதில், “சரி அம்ம” என்றாள்.

சின்னக் காரியம்தான். ஆனால் அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. பெரிய குளம் மறுகால் பாய்ந்து வயல் முழுவதும் வெள்ளம். கல்லறைத் தோட்டம் வயலுக்கு அக்கரையில், ஒரு பொற்றை மேட்டில் இருந்தது. சபைக்காரர்கள் எப்போதும் பிணம் கொண்டுபோகிற வரப்பில் இடுப்பளவு தண்ணீர். நனையாமல் போக வேண்டுமென்றால் ஒரே வழி, கோவிலுக்குப் பின்னால் வெள்ளாளர் வீடுகள் இருக்கிற பின் தெரு. அந்தத் தெருவில் இவர்கள் பிணம் இதுவரை போனதில்லை.

போதகர் காலையிலேயே வந்தார். முகம் பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள், ஜெபம் முடிந்தது. இன்னொரு ஊரில் இன்னொரு சாவு இருந்ததால், அடக்கத்தை வாத்தியாரே நடத்திவிடலாம் என்று சொல்லி அவர் வண்டி ஏறிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு எடுத்துவிடலாம் என்றுதான் ஊரார் நினைத்தார்கள். அப்போதுதான் முன்கூடத்தில் வழியைப் பற்றிய பேச்சு ஆரம்பித்தது. அது கொஞ்ச நேரத்தில் வழியை விட்டுவிட்டு, அவர்களுக்குப் பழக்கமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பின் தெரு வழியாகத்தான் போக வேண்டும், யாரிடமும் கேட்கக் கூடாது என்றான் அண்ணன். நாகர்கோவிலிலிருந்து தொண்டர்கள் வருவார்கள், கொடி வரும், பத்திரிகைக்கு எழுதுகிறவர் ஒருவரும் வரலாம், அதுவரை அம்மை இருக்கட்டும் என்றான். பொதுச்சாலையில் பிணத்தோடு கூட்டம் போவது சமாதானக் குலைவு என்றார் சித்தப்பா. திங்கட்கிழமை கச்சேரி திறந்ததும் மனு எழுதிப் போடலாம், மேலிடத்து உத்தரவு வரும், வந்தபின் முறைப்படி போகலாம். அதுவரை மைனியைத் தென்னந்தோப்பில் வைப்போம் என்றார். உத்தரவு வந்தால் எடுத்துக்கொள்ளலாமாம். வாழைக்கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதுபோலச் சொன்னார்.

“வெள்ளக்காரனுக்க காலப் புடிச்சுக்கிட்டு இருக்கிற அன்னிய ராஜாவுக்கிட்ட மனு போடணுமோ?” என்றான் அண்ணன். மகாராஜா அன்னியர் அல்ல என்று சித்தப்பா திருத்தினார். அதிலிருந்து யார் அன்னியர் என்ற விசாரணை தொடங்கிக் கொஞ்ச தூரம் ஓடியது.

நேசபாய் அப்பாவைத்தான் நம்பியிருந்தாள். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவர். அம்மையின் ஆசையை அவரிடமும் சொல்லியிருந்தாள். அப்பா நாற்காலியில் சாய்ந்து, விரல்களைக் கோத்துக்கொண்டு, ஏறக்குறைய புன்னகையோடு சொன்னார்:

“எதுக்கு இந்தச் சண்ட? மண்ணுல என்ன வித்தியாசம் இருக்கு? பூமி முழுக்க ஒரே மண்ணுதான். தோப்பும் கல்லறையும் ஆண்டவருக்கு ஒண்ணுதான். எவன் மனசும் நோவாம, நம்ம தோப்புலயே வச்சிரலாம்.”

கதவோரம் நின்றிருந்த நேசபாய் உள்ளறைக்குத் திரும்பிப் போனாள். உலகத்து மனிதரெல்லாம் ஒன்று என்பதற்காக இந்த மனிதர் அதுவரை எதையும் விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததில்லை. முதல் தடவையாக விட்டுக்கொடுக்கிறார். அது அம்மையாக இருக்கிறது.

உள்ளறையில் பக்கத்து வீட்டு ராஜபாய் அக்காவும் இரண்டு கிழவிகளும் இருந்தார்கள். அம்மையைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை உடுத்தி, கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வயிற்றுக் கட்டி அவளை உருக்கித் தின்றிருந்தது. கட்டில் கயிறுகூடத் தொய்யவில்லை. ஆஞ்சிலிப் பலகையில் செய்த பெட்டி வந்து, முன்கூடத்தில் இரண்டு பெஞ்சுகளின்மேல் மூடியோடு இருந்தது. அண்ணன் அதன்மேல் ராட்டைக் கொடியை விரித்தான். சித்தப்பா எடுத்து மடித்து ஓரத்தில் வைத்தார். மறுபடியும் அவன் விரித்தான். கொடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வெள்ளைத் துணி போதும், வெள்ளை எல்லோருக்கும் பொது என்றார் அப்பா. பெட்டிக்குள் போக வேண்டியவளை எட்டிப் பார்க்க மூவரில் ஒருவரும் உள்ளே வரவில்லை.

பின்வாசல் கிணற்றடியில் கோலப்பன் மாமா குந்தியிருந்தார். அம்மையின் உடன்பிறந்த தம்பி. பனையேறி. அம்மை கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி எஸ்தர் ஆனவள். அவர் அய்யாவழியிலேயே இருந்துவிட்டார். நெற்றியில் நாமமும் தலையில் துண்டுக் கட்டுமாக வந்த ஆளை, “வாரும்” என்று சொன்னதோடு முன்கூடத்துக்காரர்கள் மறந்துவிட்டார்கள். அவர் தன் ஆட்கள் மூன்று பேரோடு மழையில் நனைந்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நேசபாய் கருப்பட்டிக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“எப்ப எடுப்பாவ மக்கா?”

“பேசிக்கிட்டு இருக்காவ மாமா.”

“காலத்தேயிருந்து என்ன பேச்சு?”

அவள் யோசித்தாள். “தேசம்.”

மாமா வெற்றிலையைத் துப்பினார். “அதப் பேச இவ சாவணுமா?” என்றார். காப்பியைக் குடித்துவிட்டு, குழி வெட்டுகிற சகாயம் காலையிலேயே சின்னவன் பக்கத்தில் தோண்டிவிட்டான், ஊற்றெடுக்கிறது, இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறான், ராத்திரி மழை பெய்தால் குழி குளமாகிவிடும் என்று ஆளனுப்பிச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அவருக்கும் எரிச்சல்தான். மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அப்போதுதான் நேசபாய் தலைக்கு ஒரு பனையோலையைப் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டினாள். எங்கே போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவளை யாரும் கேட்பதில்லை.

பின் தெருவில் பெரிய வீடு தாணுமாலயன் பிள்ளையுடையது. அவர் சொன்னால் அந்தத் தெருவில் கேள்வி இல்லை. அவள் மாட்டுத் தொழுவமான எருத்தில் ஓரமாக, கூரையின் சொட்டு விழுகிற இடத்தில் நின்றாள். அதற்கு மேலே போகக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பிள்ளை மத்தியானத் தூக்கம் முடிந்து, வாய் கொப்பளிக்க வெளியே வந்தார்.

“யாருட்டி அது?”

“வாத்தியாருக்க மவ.”

பிள்ளை வாய்த் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

“நீயுமா? காலத்தேயிருந்து உங்க வீட்டாளுவ மூணு பேரு வந்து போயாச்சு. கதர்ச்சட்டக்காரன் வந்து, ‘நாங்க இந்த வழியாத்தான் போவோம், முடிஞ்சா தடும்’னான். குமாஸ்தா வந்து, ‘நாங்க வரமாட்டோம், நீரு பயப்படாதேயும்’னாரு. உங்கப்பன் வந்து மன்னிப்புக் கேட்டாரு. என்னத்துக்குன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. போலாமான்னு ஒருத்தனும் கேக்கல, கேட்டியா.”

“போலாமா?” என்றாள் நேசபாய்.

பிள்ளையின் சிரிப்பு நின்றது. அவளை இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். வேட்டியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். வெள்ளம் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டார். செத்தவள் லேஸ் பின்னுகிறவள்தானே என்றார். கடைசியில், ஒரு மூட்டை நெல்லைக் களத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிற குரலில் சொன்னார்: நாலு மணிக்குக் கோவில் நடை திறக்கும், அதற்கு முன் போய்விட வேண்டும். பாட்டுக் கூடாது, கொடி கூடாது, தெருவுக்குள் எங்கேயும் கீழே இறக்கி வைக்கக் கூடாது.

சர்க்கார் கல் பாவிய தெருவை அவர் தன் மடியிலிருந்து எடுத்துப் போடுவதுபோலத்தான் போட்டார். அவள் அதைப் பொறுக்கிக்கொண்டாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள், நின்ற இடத்தில் வேலைக்காரி சாணித் தண்ணீர் தெளிக்கிற சத்தம் பின்னால் கேட்டது. காது கூசியது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை எட்டிப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து முன்கூடத்து நிலையில் நின்றாள். தம்ளரோ தட்டோ இல்லாமல் வெறுங்கையோடு அவள் அங்கே வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. அதனால் பேச்சு தானாக நின்றது.

“பின் தெரு வழியா போலாமாம். நாலு மணிக்கு முன்ன. பாட்டு வேண்டாம், கொடி வேண்டாம், கீழ எறக்கி வைக்கண்டாம்னு பிள்ள சொன்னாரு.”

சாளை உரசிய அன்றைக்குப் பிறகு மூன்று பேரும் மறுபடி ஒன்றானார்கள்.

“பிச்ச கேட்டியா? அம்மைக்கு வழி பிச்ச கேட்டியா?” என்றான் அண்ணன். அவன் முகம் சிவந்து கண் கலங்கியிருந்தது. ஒரு தேசமே தலை நிமிரப் போகிற நேரத்தில் தன் வீட்டுப் பெண் ஒருத்தி எருத்திலில் போய் நின்றாளே என்று அங்கலாய்த்தான். சித்தப்பாவுக்குக் கோபம் வேறு காரணத்தால். அது பிள்ளையின் சொத்தா? சர்க்கார் தெரு. அனுமதி கொடுக்க அவர் யார்? கொடுக்க அதிகாரமில்லாதவர் கொடுத்த அனுமதியில் நடந்தால் அது அனுமதி இல்லாமல் நடந்ததைவிடப் பெரிய குற்றம். இந்தக் கலகத்தை முன்கூட்டியே ஊகித்து, பின் தெரு முனையில் போலீஸ்காரர் இருவரை நிறுத்தச் சொல்லி ஸ்டேஷனுக்குத் தானே ஆளனுப்பியிருப்பதாகவும் சொன்னார். சொல்லும்போது அவர் தோள் கொஞ்சம் உயர்ந்தது.

நேசபாய் அப்பாவைப் பார்த்தாள்.

“பாட்டு இல்லாம ஒரு கிறிஸ்தவ அடக்கமா?” என்றார் அப்பா. அதுவும் ஒரு மனிதனுக்குப் பாட்டு உண்டு, இன்னொரு மனிதனுக்குப் பாட்டு இல்லை என்பது மானிட ஐக்கியத்தின் வேரிலேயே வெந்நீர் ஊற்றுவது என்றார். கல்லறையையே விட்டுக்கொடுத்தவர், பாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார்.

பிறகு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்து மறுபடி தொடங்கினார்கள். தெருவுக்குச் சொந்தக்காரன் யார், ராஜாவா ஜனமா ஆண்டவரா என்று பேச்சு மேலே ஏறியது. நல்ல பேச்சு என்றுதான் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்தவர்கள் சாவை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேசபாய் உள்ளறைக்குள் வந்து, முன்கூடத்துக் கதவைச் சாத்தினாள். ராஜபாய் அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். நேசபாய் அடுக்களை வழியாகக் கிணற்றடிக்குப் போனாள்.

“மாமா, கட்டிலோட தூக்கிருவீரா?”

கோலப்பன் எழுந்தார். “பெட்டி?”

“பெட்டி அவியளுக்கு வேணும்.”

பிணம் அடுக்களை வாசல் வழியாகப் போகிற வழக்கம் எந்தச் சபையிலும் கிடையாது. முன்வாசல் வழியாக, கால் முன்னால் போக வேண்டும். அடுக்களை வாசல் குறுகலாக இருந்ததால் கட்டிலை ஒருக்களித்துச் சாய்க்க வேண்டியிருந்தது. அம்மை நழுவாமல் இருக்க நேசபாய் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். விறகு, அம்மி, மீன் சட்டி எல்லாவற்றையும் தாண்டி அம்மை வெளியே வந்தாள். மேலே ஒரு பனம்பாயைப் போட்டு மூடினார்கள். ராஜபாய் அக்கா அவர்களோடு வரவில்லை. உள்ளறைக்குள் போய், சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. நேசபாய் கட்டிலுக்குப் பின்னால் நடந்தாள்.

பின் தெரு முனையில், சித்தப்பா வரவழைத்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர் மழைக்கு ஒரு கடையின் கூரை இறக்கின் கீழ் ஒதுங்கி நின்றார்கள். பெட்டியும் கொடியும் கூட்டமும் வந்தால் தடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு வந்த உத்தரவு. பெட்டி இல்லை, கொடி இல்லை, நாலு பனையேறிகளும் ஒரு பெண்பிள்ளையும் ஒரு கட்டிலும்.

“ஆஸ்பத்திரிக்கா?” என்று ஒருவன் கேட்டான்.

கோலப்பன், “ம்” என்றார்.

“சீக்கிரம் கொண்டு போங்க. மழ வருது” என்றான் அவன். சர்க்கார் அவ்வளவு கருணை காட்டியது.

தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு வீட்டு ஜன்னலில் ஒரு கை மட்டும் தெரிந்து மறைந்தது. கட்டில் கயிறு நனைந்து கிறீச்சிட்டது. தெரு முடிந்து பொற்றையில் ஏறியபோது, பிள்ளையின் மூன்று நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தன. எந்தத் தேசத்தானும் அந்தத் தெருவில் அவ்வளவு பணிந்து நடந்திருக்க மாட்டான் என்று நேசபாய்க்குப் பட்டது. அந்த எண்ணம் வாயில் கசந்தது. துப்பாமல் விழுங்கினாள்.

சகாயம் குழிக்குள் நின்று சட்டியால் இறைத்துக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும், “இவ்வளவு நேரம் என்ன செய்தீங்க? கை மரத்துப் போச்சு” என்று அலுத்துக்கொண்டான். பாயோடு சேர்த்து அம்மையை இறக்கினார்கள். பக்கத்தில் சின்னவனின் மரச்சிலுவை சாய்ந்து நின்றது. யார் ஜெபம் சொல்வது என்று கோலப்பன் அவளைப் பார்த்தார். அவருக்கு இவர்கள் ஜெபம் தெரியாது. நேசபாய் பரமண்டல ஜெபத்தைச் சொன்னாள். அடுத்து நின்ற சகாயத்துக்கே கேட்டிருக்காது. மேகத்துக்குள் மங்கலாக இருந்தாலும் வெளிச்சம் இருந்தது. மண்ணைத் தள்ளினார்கள். ஈர மண் என்பதால் சத்தம் கனமாக வந்தது.

மேட்டிலிருந்து பார்த்தால் வெள்ளம் நிற்கிற வயலுக்கு அப்பால் பின் தெரு முனை தெரியும். குழி மூடி முடிகிற நேரத்தில் அங்கே கூட்டம் வந்தது. தொண்டர்கள் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கூட்டத்தின் தலைக்கு மேலே கொடி போர்த்திய பெட்டி ஒன்று மிதந்தது.

கோலப்பன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “என்னத்தட்டி தூக்கிக்கிட்டு வாறானுவ?”

நேசபாய்க்கும் முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நடந்ததை ராஜபாய் அக்கா மறுநாள் சொன்னாள். தொண்டர்கள் வந்ததும் அண்ணன் கதவைத் தட்டி, “எடுக்கலாமா?” என்று கேட்டிருக்கிறான். “எங்க வேல முடிஞ்சது” என்று அக்கா உள்ளேயிருந்தே சொல்லியிருக்கிறாள். பெண்கள் எப்போது பெட்டிக்குள் வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தொண்டர்களை எதிர்கொள்ள எல்லோரும் முற்றத்தில் இறங்கியிருந்த நேரத்தில் நடந்திருக்கும், ஒருவர் பார்த்திருப்பார் என்று மற்றவர் நினைத்தார். தூக்கியபோது, மெலிந்தல்லவா போனாள் என்று அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

தெரு முனையில் போலீஸ்காரர்கள் இப்போது தங்கள் வேலையைச் செய்தார்கள். பெட்டி நின்றது. கோஷம் வெள்ளத்தின் மேல் துண்டுதுண்டாக வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு கறுப்புக் குடை அங்குமிங்கும் அலைந்தது, அது சித்தப்பா. தான் நிறுத்திய போலீஸோடு தானே வாதாடிக்கொண்டிருந்தார். பெட்டி தோள் மாறியது, மறுபடி மாறியது. நடை திறக்கிற மணி கோவிலில் அடித்து ஓய்ந்தது. வெகு நேரம் கழித்து, மூன்று கட்சிக்கும் சம்மதமான முடிவு ஒன்று எட்டியிருக்க வேண்டும். கூட்டம் திரும்பி, வரப்பில், இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கியது. பாட்டுத் தொடங்கியது. முன்னால் அப்பாவின் குரல். பெட்டி நனையாமல் இருக்கக் கைகளை உயர்த்தித் தாங்கியபடி, வழுக்கி, ஒருவரையொருவர் பிடித்து, அவர்கள் வெறும் பலகைக்காக வெள்ளத்தைக் கடந்து வருவதை நேசபாய் குழிமேட்டின் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறி வந்து பெட்டியை இறக்கி வைத்ததும் பாட்டு நின்றது. மூடிய குழியை எல்லோரும் பார்த்தார்கள். வேறு யாருடைய குழியோ என்று அப்பா சுற்றிலும் தேடினார். அண்ணன் நேசபாயைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், கொடியை விலக்கிவிட்டு மூடியைத் தூக்கினான். உள்ளே வெறும் அடிப்பலகை.



அப்புறம் தொடங்கினார்கள். அம்மையை ஒரு பாயில் சுருட்டிப் போட்டாளே என்று அண்ணன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். அந்த அடி உண்மைதான் என்று நேசபாய்க்குத் தெரிந்தது. ஆனால் அடித்துக்கொண்டே அவன் தொண்டர்களையும் ஒரு பார்வை பார்த்தான். சித்தப்பா, இது கச்சேரிக்குத் தெரிந்தால் தன் உத்தியோகம் என்ன ஆகும் என்று கேட்டார். யாரும் அதற்கு விடை சொல்லாததால் இன்னொரு தடவை கேட்டார். அம்மையைத் தோண்டி எடுத்துப் பெட்டியில் வைத்து முறைப்படி அடக்கம் செய்வதே சரி என்றான் அண்ணன். அடக்கத்துக்குச் சாட்சி வேண்டும், பெட்டி வேண்டும் என்று சித்தப்பா ஒத்துக்கொண்டார். இத்தனை பேர் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்களே, ஒரு ஒழுங்கு வேண்டாமா என்றார் அப்பா. மூன்றாவது தடவையாக அவர்கள் ஒன்றானார்கள்.

“மண்வெட்டிய எடும்” என்றான் அண்ணன்.

“தோண்டுனா வெள்ளந்தான் வரும்” என்றான் சகாயம். கோலப்பன் மண்வெட்டியைத் தன் காலுக்கு அடியில் போட்டு மிதித்துக்கொண்டார்.

நேசபாய் போய் குழிமேட்டின் மேல் உட்கார்ந்தாள். சேறு பாவாடையை நனைத்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

“எந்திரிட்டி.”

“மாட்டேன்.”

அவள் அந்தச் சொல்லை அண்ணனிடம் அதுவரை சொன்னதில்லை. அவன் கையை நீட்டிவிட்டு, எங்கே பிடித்து இழுப்பதென்று தெரியாமல் நின்றான். தங்கையின் கையைப் பிடித்து இழுக்கும் காரியத்துக்குப் பாரத தேசம் அவனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சித்தப்பா அவளுக்குச் சட்டத்தை விளக்கினார். அவள் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர்கள் அவளை விட்டுவிட்டு, இதற்கு யார் பொறுப்பு என்று தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். மழை வலுத்தது. தொண்டர்களில் ஒருவன், கடைசி பஸ் போய்விடும் என்று மெதுவாக நினைவூட்டினான். நனைந்துவிடாமல் இருக்கக் கொடியை மடித்து ஒருவன் ஜிப்பாவுக்குள் செருகினான். அவர்களை வழியனுப்ப அண்ணன் கூடவே இறங்கினான். வாறேன், வந்து பேசுறேன் என்று சொல்லிக்கொண்டே போனான். போலீஸ்காரன் ஒருவன் அக்கரையிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டதும் சித்தப்பா குடையோடு விரைந்தார். சகாயம் சட்டியையும், கோலப்பனின் ஆட்கள் காலிக் கட்டிலையும் எடுத்துக்கொண்டார்கள். கோலப்பன் மண்வெட்டியைத் தோளில் வைத்து, தாழம்புதரின் ஓரம் போய் அவளுக்காகக் காத்து நின்றார்.

அப்பா மட்டும் இருந்தார். மழைத்தண்ணீர் அவர் மூக்குக் கண்ணாடியில் ஓடியது. திறந்து கிடந்த பெட்டிக்குள்ளும் தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து ஒரு பிடி ஈர மண்ணை எடுத்தார். “மக்கா, மண்ணு...” என்று தொடங்கினார்.

நேசபாய் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

அப்பா கையிலிருந்த மண்ணை எங்கே போடுவதென்று தெரியாதவர்போல் நின்றார். குழிமேட்டின் விளிம்பில், அவள் காலுக்கு அருகே, அதை வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். திரும்பி நடந்தபோது ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு, விந்தி விந்தி, வரப்பு எங்கே இருக்கிறதென்று காலால் துழாவிக்கொண்டு, வெள்ளத்தில் இறங்கிப் போனார்.